மழைக்கு ஒதுங்கியவன்

குடை இல்லை. பேருந்து வர இன்னும் பதினேழு நிமிடம்.
கிளாஸ்கோ மழைக்குப் பக்கவாட்டில் பெய்யத்தான் தெரியும்.
டியூக் தெருவில் திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தேன்.
சைக்கிள் கடை.
எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.
ஐம்பத்தொரு வயதுவரை
இதை யாரிடமும் சொல்ல நேர்ந்ததில்லை.

எனக்கு முன்னால் போனவள்
கதவைப் பிடித்துக்கொண்டாள், நன்றி சொன்னேன்.
எங்களுக்குள் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

கடைப் பையன் வந்தான். சட்டையில் பெயர்: கெலம்.
"என்ன பார்க்கிறீங்க?" என்றான்,
என் முகத்தைப் பார்த்து.

அவள்தான் பதில் சொன்னாள்.
தினம் இருபத்திரண்டு கிலோமீட்டர், போக வர.
பின்னால் கனமாக இரண்டு பை.
ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர் ஃபிரேம்,
டிஸ்க் பிரேக், அதுவும் ஹைட்ராலிக்.
கெலம் பொறுமையாகக் கேட்டான்.
கேட்டு முடித்து என்னிடம் திரும்பினான்:
"எவ்வளவு வரைக்கும் போகலாம்னு இருக்கீங்க?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம்.
என்ன செய்தேன் தெரியுமா?
கணக்குப் போடுகிறவனைப்போல்
முகவாயைத் தடவினேன்.

புதினா நிறத்தில் ஒன்றை உருட்டி வந்தான்.
முன்னால் பிரம்புக் கூடை.
"லேடீஸ் இதைத்தான் விரும்பிக் கேட்கிறாங்க."
அவள் ஒரு கையால் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள்.
"பதினெட்டு கிலோ."
"பதினாறுதான்," என்றான் சிரித்துக்கொண்டே.
சீட்டுக்கு அடியில் அட்டை தொங்கியது. பதினெட்டரை.

பிறகு கியரைப் பற்றி ஒரு விளக்கம், எனக்கு.
விரலால் பல்சக்கரத்தைத் தொட்டுத் தொட்டு.
ஓஹோ, என்றேன். சரி சரி, என்றேன்.
விஷயம் தெரிந்தவனாக நடத்தப்படுவது
ஹீட்டர் பக்கம் நிற்பதுபோல் இதமாக இருந்தது,
நனைந்த கால்சட்டை காய்வதுபோல.

அவள் குனிந்து பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.
மழைக்கோட்டின் முதுகில் பெரிய எழுத்து:
லிஃப்ட் பழுதுபார்ப்பு, இருபத்துநான்கு மணி நேரமும்.
பத்து நிமிடமாக நானும் அவனும்
அந்த முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறோம்.
படிக்கவில்லை.

எழுந்தாள். என்னைப் பார்த்தாள்.
"உங்களுக்கு ஏதாவது வாங்கணுமா?"
"இல்லை."
"அதை இவர்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது.
மழைக்கு ஒதுங்கினேன்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்,
சைக்கிளும் ஓட்டத் தெரியாது என்றேன், சத்தமாக.
ஹெல்மெட் பக்கம் நின்ற ஒரு சிறுமி சிரித்தாள்.

கெலமின் காதுகள் சிவந்தன. கெட்ட பையன் இல்லை.
உடனே மன்னிப்புக் கேட்டான்,
"சாரி, சார்" என்று.

மேலே கொக்கியில் சாம்பல் நிறத்தில் ஒன்று.
அவன் ஏணி தேடிப் போய் வருவதற்குள்
இறக்கிவிட்டாள்.
டிரைவிங் லைசென்ஸை மேசையில் வைத்துவிட்டு
மழைக்குள் ஓட்டிப் போனாள்.
ஈஷ்பெல் மெக்கார்க்கில், அட்டையில் படித்தேன்.
படம் நன்றாக இல்லை.
கடைக்குள் நாங்கள் இரண்டு பேர்,
பேச ஒன்றும் இல்லாமல்.
என் பேருந்து கண்ணாடிக்கு வெளியே கடந்து போனது.

சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள்.
"முன் பிரேக் உரசுது. சரி பண்ணி வைங்க, சனிக்கிழமை வரேன்."
"பேர் எழுதணும். மிஸ்ஸா, மிஸஸா?"
"எதைச் சொன்னா பிரேக் சரியாகும்?"
கெலம் பேனாவைப் பார்த்தான்.
"இது நாலாவது கடை," என்றாள் அவள்.
எங்களிடம் அல்ல,
கையுறையைப் பிழிந்துகொண்டே, தரையிடம்.

அடுத்த பேருந்தை ஓட்டி வந்தது ஒரு பெண்.
தினமும் அவளாகவே இருந்திருக்கலாம்.
நேராக முகத்தைப் பார்த்து,
போக வேண்டிய இடத்தைச் சொன்னேன்,
சொன்ன பிறகும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன வேணும்?" என்றாள்.
"பின்னாடி ஆள் நிக்கிறாங்க."